இடிபட்ட வண்டி எதைச் சொல்லும், எதைச் சொல்லாது

கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிட்டு ஆரம்பிக்கிறேன். கேட்டவர் செங்கல்பட்டு தாண்டி சர்வீஸ் ரோட்டிலிருந்து நெடுஞ்சாலையில் ஏறியிருக்கிறார். ஏறிக் கொஞ்ச தூரம் நேராகப் போன பிறகு, பின்னால் வந்த கார் தன் வலது பின் மூலையில் இடித்தது என்கிறார். அந்தக் காரை ஓட்டியவரோ, "இண்டிகேட்டர்கூடப் போடாமல் குறுக்கே வந்துவிட்டார்" என்கிறார். இரண்டு வண்டியிலும் கேமரா கிடையாது. இவர் காரில் பம்பரின் வலது மூலை உள்ளே போய், அங்கிருந்து பின் கதவு வரை கீறல். அவர் காரில் இடது ஹெட்லைட் உடைந்து, இடது ஃபெண்டர் (முன் சக்கரத்துக்கு மேலுள்ள தகடு) நசுங்கியிருக்கிறது. "பின்னால் இடித்தவர்தானே தவறு?" என்பது முதல் கேள்வி. கூடவே, மைத்துனர் மார்க்கெட்டில் ரிவர்ஸ் எடுக்கும்போது ஒரு ஸ்கூட்டரில் இடித்துவிட்டாராம், "ரிவர்ஸ் எடுத்தவர்தான் எப்போதும் பொறுப்பா?" என்றும் கேட்கிறார்.

இரண்டுக்கும் அடியில் இருப்பது ஒரே கேள்விதான். சாட்சி இல்லை, வீடியோ இல்லை. நசுங்கிய தகட்டை மட்டும் வைத்துக்கொண்டு நடந்ததைக் கண்டுபிடிக்க முடியுமா? கோவையில் இருபத்திரண்டு வருடமாக மோட்டார் இன்சூரன்ஸ் சர்வேயராக இருக்கிறேன். படித்தது ஆட்டோமொபைல் டிப்ளமா. வக்கீல் இல்லை. விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் சாட்சிக் கூண்டில் நின்று குறுக்கு விசாரணையில் வாங்கிக் கட்டிக்கொண்ட அளவுக்குத்தான் சட்டம் தெரியும்.

முதலில் ஒரு நடைமுறை விஷயம். யாருக்கும் அடிபடவில்லை, உங்களிடம் காம்ப்ரிஹென்சிவ் பாலிசி (சொந்த வண்டியின் சேதத்துக்கும் சேர்த்து எடுத்தது) இருக்கிறது என்றால், உங்கள் வண்டியைச் சரிசெய்ய யார் தவறு என்று நிரூபிக்க வேண்டிய அவசியமே இல்லை. சொந்தச் சேதத்துக்கான கிளெய்மில் தவறு உங்கள் பக்கம் இருந்தாலும் பணம் வரும். போவது நோ கிளெய்ம் போனஸ்தான், அதாவது கிளெய்ம் செய்யாத வருடங்களுக்காகப் பிரீமியத்தில் கிடைக்கும் தள்ளுபடி. அது 20 சதவீதத்தில் தொடங்கி 50 வரை ஏறும் என்பதால், 50-ல் இருப்பவருக்கு மட்டும் கொஞ்சம் வலிக்கும். ரோட்டில் நின்று கத்திக்கொண்டிருக்கும் பாதிப் பேருக்கு இது தெரிவதில்லை. அடிபட்டிருந்தாலோ, போலீஸ் வழக்கானாலோ, எதிர் வண்டிக்காரர் உங்களிடம் பணம் கேட்டாலோதான் யார் தவறு என்பது பெரிய விஷயமாகிறது.

இனி சேதத்துக்கு வருவோம். இரண்டு தீப்பெட்டிகளை மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். இடது பெட்டியை முன்னால் தள்ளிக்கொண்டே வலது பெட்டியில் உரசுங்கள். அடுத்து, வலது பெட்டியை முன்னால் தள்ளி இடதில் உரசுங்கள். எது வேகமாகப் போனதோ அதன் உடம்பில் கீறல் முன்னாலிருந்து பின்னால் ஓடும். மெதுவாகப் போனதின் உடம்பில் பின்னாலிருந்து முன்னால் ஓடும். கீறல் எந்தப் பக்கம் ஓடியது என்பதைப் பெயிண்ட் காட்டிக்கொடுக்கும். உரித்த பெயிண்ட் துகள் கீறல் முடிகிற இடத்தில் ஒதுங்கியிருக்கும், கதவு இடுக்கில் தகட்டின் விளிம்பு ஒரு பக்கமாக மடிந்திருக்கும். இது உறுதியான விஷயம். எது முந்தியது, எது முந்தப்பட்டது என்று இதைப் பார்த்து தைரியமாகச் சொல்லலாம்.

ஆனால் இப்போது இடது பெட்டி வலதுபக்கம் சாய்ந்து உரசினாலும், வலது பெட்டி இடதுபக்கம் சாய்ந்து உரசினாலும் கீறல் ஒரே மாதிரிதான் விழும். தகட்டுக்குத் தெரிவது ஒன்றையொன்று நெருங்கியது மட்டும்தான். யார் யாரை நெருங்கினார்கள் என்பது அதற்குத் தெரியாது. லேன் மாறும்போது நடக்கும் உரசல்களில் எங்கள் ஆட்கள் அதிகம் சறுக்குவது இங்கேதான்.

"லேன் மாறியவர் வண்டி கோணலாக இருக்குமே, அதை வைத்துச் சொல்லலாமே" என்று கேட்பீர்கள். நல்ல கேள்வி. கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு லேன் 3.5 மீட்டர். நிதானமாக மாற நான்கு நொடி எடுத்துக்கொள்கிறீர்கள். 60 கிலோமீட்டர் வேகத்தில் அந்த நான்கு நொடியில் வண்டி 67 மீட்டர் போயிருக்கும். 67 மீட்டருக்கு 3.5 மீட்டர் சாய்வு என்றால் கோணம் வெறும் 3 டிகிரி. நசுங்கிய பம்பரைப் பார்த்து 3 டிகிரியைக் கண்டுபிடித்தேன் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அதே லேனை 30 கிலோமீட்டர் வேகத்தில் இரண்டே நொடியில் வெட்டி மாறினால் 12 டிகிரி வரும். அது தெரியும். ஆக, சிக்னல் பக்கம், யூ டர்ன் பக்கம், மேம்பாலம் இறங்குகிற இடத்தில் மெதுவாக வந்து வெடுக்கென்று வெட்டிய வண்டியைக் கோணம் காட்டிக்கொடுக்கும். நெடுஞ்சாலையில் பெரும்பாலும் காட்டிக்கொடுக்காது.

உங்கள் வண்டியில் எனக்குப் பயன்படுவது வேறொன்று. நீங்கள் எழுதியபடி பம்பர் மூலையில்தான் பெரிய அடி. கதவை நோக்கிப் போகப் போக வெறும் கீறலாகிவிட்டது. பக்கவாட்டில் கூடவே வந்த வண்டி உரசியிருந்தால் இது பெரும்பாலும் நேர்மாறாக இருக்கும். நடுவில் எங்கோ லேசாகத் தொட்டு, இடைவெளி குறையக் குறைய அழுத்தம் கூடி, முன்னால் போகப் போக ஆழமாகும். மூலையில் பலமாக அடித்து அப்புறம் வெளிப்பக்கமாக வழுக்கிக்கொண்டு போயிருக்கிறது என்றால், அவர் வந்து சேர்வதற்கு முன்பே உங்கள் வண்டியின் மூலை அவர் பாதையில் இருந்திருக்கிறது. ஒரு சாண், ஒன்றரைச் சாண் அளவுக்கு. அவர் கடைசி நேரத்தில் வலதுபக்கம் ஒடித்திருக்கவும் வாய்ப்பு உண்டு. அவருடைய இடது ஃபெண்டரில் சிராய்ப்பு நீளமாக, கதவு வரை போயிருந்தால் அந்த வாய்ப்பு கூடும். ஹெட்லைட் மூலையோடு நின்றிருந்தால் குறையும்.

"அப்போ நான்தான் சரி, முன்பே லேனில் இருந்தேனே" என்று சந்தோஷப்பட வேண்டாம். எவ்வளவு முன்பே என்பதுதான் வழக்கே. நீங்கள் பத்து நொடிக்கு முன் ஏறி நேராகப் போய்க்கொண்டிருந்தாலும் மூலையில் இப்படித்தான் அடி விழும். அவர் மூக்குக்கு நேரே ஒரு நொடிக்கு முன் நுழைந்திருந்தாலும் இப்படித்தான் விழும். மூலையில் மட்டும் அடி, பம்பரின் மீதிப் பகுதியில் ஒன்றுமில்லை என்பது, நீங்கள் இன்னும் முழுசாக உள்ளே வரவில்லை என்பதோடு கொஞ்சம் ஒத்துப்போகிறது. ஆனால் அவர் ஒடித்திருந்தால் முழுசாக உள்ளே வந்த வண்டிக்கும் மூலையில்தான் அடி. இதற்கு மேல் தகட்டிடம் கேட்டால் பதில் வராது.

இங்கே நுழைவதில் உள்ள கணக்கைச் சொன்னால்தான் விஷயம் முழுதாகப் புரியும். சர்வீஸ் ரோட்டிலிருந்து 40-ல் ஏறுகிறீர்கள், பின்னால் வருபவர் 80-ல் வருகிறார். வேக வித்தியாசம் 40, அதாவது நொடிக்கு 11 மீட்டர். கண்ணாடியில் 50 மீட்டர் தள்ளி "தூரத்தில்" தெரிகிற கார் நாலரை நொடியில் உங்கள் டிக்கியில் இருக்கும். ஓரக் கண்ணாடி குவிந்த கண்ணாடி என்பதால் பின்னால் வரும் வண்டி சின்னதாக, தூரமாகத் தெரியும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இப்போது அவர் பக்கம். நீங்கள் நுழைவதைப் பார்த்துக் கால் பிரேக்குக்குப் போக ஒன்றரை நொடி என்று வைப்போம். அதற்குள் இடைவெளியில் 17 மீட்டர் காலி. காய்ந்த ரோடு, நல்ல டயர், முழு பிரேக் என்றால் உங்கள் வேகத்துக்கு இறங்க இன்னும் 9 மீட்டர் வேண்டும். மொத்தம் 26. ஈர ரோடாக இருந்தால் 30-க்கு மேல் போய்விடும். அதாவது நீங்கள் ஆறேழு கார் நீளத்துக்கும் குறைவான இடைவெளியில் நுழைந்திருந்தால், எவ்வளவு கவனமானவராக இருந்தாலும் வெறும் பிரேக்கால் அவரால் தப்பித்திருக்க முடியாது. 50 மீட்டர் இருந்தபோது நுழைந்திருந்தால், அவர் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார் என்றே நான் சந்தேகப்படுவேன். உங்கள் வழக்கு முழுக்க இந்த 26-க்கும் 50-க்கும் நடுவில்தான் எங்கோ கிடக்கிறது.

சில இடங்களில் ரோட்டின் அமைப்பே இந்தச் சண்டையை மூட்டிவிடுகிறது. சென்னை கத்திபாரா மாதிரி குளோவர் இலை மேம்பாலங்களில் ஒரு வளையத்திலிருந்து உள்ளே வருகிறவரும், அடுத்த வளையத்தில் வெளியேறப் போகிறவரும் ஒரே சின்னத் துண்டு ரோட்டில் ஒருவரையொருவர் குறுக்கே வெட்டியாக வேண்டும். ஒருவர் வேகமெடுக்கப் பார்ப்பார், மற்றவர் குறைக்கப் பார்ப்பார். அங்கே இடித்துக்கொண்ட இருவரிடமும் தனித்தனியாகப் பேசிப் பாருங்கள், இருவருமே பொய் சொல்லாமல் "அவர்தான் குறுக்கே வந்தார்" என்பார்கள்.

இண்டிகேட்டர் விஷயம். போட்டாரா, போடவில்லையா என்பதைச் சில சமயம் கண்டுபிடிக்கலாம். பழைய மாதிரி பல்பாக இருந்து, அடி பல்புக்குப் பக்கத்திலேயே பலமாக விழுந்திருக்க வேண்டும். எரிந்துகொண்டிருக்கும் டங்ஸ்டன் இழை சூட்டில் மெழுகு மாதிரி இளகியிருக்கும். அதிர்ச்சியில் நீண்டு, வளைந்து, தொங்கிப்போகும். அணைந்திருந்த இழை வளையாது, குச்சி மாதிரி ஒடியும். கண்ணாடி உடைந்தபோது இழை சூடாக இருந்தால் அதன்மேல் வெள்ளையாகவோ மஞ்சளாகவோ ஒரு பூச்சு படிந்திருக்கும். ரிவர்ஸ் லைட்டுக்கும் இதே கதைதான். இதில் இரண்டு தொல்லை. இண்டிகேட்டர் மினுக்குவது என்பதால், அடி விழுந்த கணம் அது அணைந்திருந்த கணமாகவும் இருக்கலாம். ஆகவே நீண்ட இழை "போட்டிருந்தார்" என்பதற்குச் சாட்சி. நீளாத இழை எதற்கும் சாட்சி இல்லை. இரண்டாவது, எல்இடி விளக்கில் இழையே கிடையாது. இப்போது வருகிற வண்டிகளில் இந்த வித்தை மெதுவாகச் செத்துக்கொண்டிருக்கிறது. டயர் தேய்ந்த கறுப்புக் கோடும் அப்படித்தான். முன்பெல்லாம் காய்ந்த தார் ரோட்டில் 20 மீட்டர் கோடு இருந்தால் சுமார் 60 கிலோமீட்டர் வேகம் என்று பேனாவை எடுத்து எழுதிவிடுவோம். 2019 ஏப்ரலிலிருந்து புதுக் கார்களுக்கு ஏபிஎஸ் கட்டாயம். சக்கரம் பூட்டிக்கொள்வதில்லை, கோடும் சரியாக விழுவதில்லை.

நான் தப்பு செய்த ஒன்றையும் சொல்ல வேண்டும். ஆறேழு வருடம் முன்பு அவினாசி ரோட்டில் இரண்டு கார். ஒன்றின் இடது முன் கதவில் அடி, மற்றதின் வலது முன் மூலையில் அடி, கோணம் நன்றாகத் தெரிந்தது. இடதுபக்கக் கார் திடீரென்று வலதுபக்கம் வெட்டியிருக்கிறது என்று எழுதினேன். இரண்டு வாரம் கழித்து ஒரு கடை கேமராவின் பதிவு வந்தது. அந்தக் கார் வெட்டியது உண்மைதான். ஆனால் அதற்கு முன்னால் ஒரு ஆட்டோ ஆளை ஏற்றுவதற்காக இண்டிகேட்டர் இல்லாமல் நடு லேனில் நின்றிருந்தது. ஆட்டோ யாரையும் தொடவில்லை, யாரும் அதைப் பற்றிப் பேசவும் இல்லை, அது பாட்டுக்குப் போய்விட்டது. நான் தகட்டைப் படித்தது சரி. ஆனால் அதிலிருந்து தாவி எழுதிய "அஜாக்கிரதையாக" என்ற ஒரு வார்த்தை தப்பு. அதற்குப் பிறகு என் அறிக்கையில் அந்த வார்த்தையை எழுதுவதில்லை. எது எங்கே எந்தத் திசையில் பட்டது என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

"பின்னால் இடித்தவர்தான் தவறு" என்பது சட்டமல்ல, ஒரு தொடக்கப் புள்ளி. முன்னால் போகிற வண்டி திடீரென்று நின்றாலும் மோதாத அளவுக்கு இடைவெளி விட வேண்டியது பின்னால் வருபவரின் கடமை. அதனால் சந்தேகம் முதலில் அவர்மேல் விழுகிறது. ஆனால் லேன் மாறுகிறவருக்கும் பக்கத்து ரோட்டிலிருந்து ஏறுகிறவருக்கும், அங்கே ஏற்கெனவே போகிறவருக்கு வழிவிட வேண்டிய கடமை இருக்கிறது. இரண்டு கடமையும் மோதும்போது நீதிமன்றம் பெரும்பாலும் பங்கு பிரிக்கும். எங்கள் ஊர் வழக்கு ஒன்றே இருக்கிறது. 2017 ஜனவரியில் கோவையில் ஒரு கார் நெடுஞ்சாலையில் திடீரென்று நின்றது. பின்னால் பைக்கில் வந்த பொறியியல் மாணவர் அதில் மோதிக் கீழே விழுந்தார். அவருக்குப் பின்னால் வந்த பேருந்து ஏறி அவர் ஒரு காலை இழந்தார். கர்ப்பிணியான மனைவிக்குக் குமட்டல் வந்ததால் நிறுத்தியதாகக் கார்க்காரர் சொன்னார். உச்ச நீதிமன்றம் 2025 ஜூலையில் அதை ஏற்கவில்லை. சைகை காட்டாமல் நிறுத்திய காருக்கு 50 சதவீதம், பேருந்துக்கு 30, இடைவெளி விடாமல் வந்த மாணவருக்கே 20 என்று பிரித்தது. பின்னால் போய் இடித்தவருக்கு வெறும் 20 என்பதைக் கவனியுங்கள். உங்கள் விஷயம் லேனில் நுழைவது, அது திடீரென்று நிற்பது, ஒன்றல்ல. ஆனால் நீதிமன்றம் எப்படி யோசிக்கிறது என்பதற்கு இது போதும்.

இனி மைத்துனரின் ரிவர்ஸ். இங்கே பொதுவிதி கொஞ்சம் கெட்டியானது. பின்னால் எடுப்பதற்கு முன் யாருக்கும் ஆபத்தோ இடைஞ்சலோ இல்லை என்று உறுதி செய்துகொள்ள வேண்டும் என்று 2017-ன் மோட்டார் வாகன ஓட்டும் ஒழுங்குமுறைகள் சொல்கின்றன. ரிவர்ஸ் எடுத்தவர்தான் பொறுப்பு என்று பத்தில் எட்டு தடவை முடிவதற்கு அதுதான் காரணம் என்பது என் அனுபவம். மீதி இரண்டில்தான் வேலையே இருக்கிறது. இரண்டு பேரும் ஒரே நேரத்தில் ரிவர்ஸ் எடுத்து முதுகோடு முதுகு இடித்துக்கொள்வது, பாதி வெளியே வந்து நிற்கிற வண்டியில் பார்க்கிங்குக்குள் நாற்பதில் வந்தவர் மோதுவது, மேட்டில் நின்ற வண்டி கியரே போடாமல் பின்னால் உருண்டு வருவது. இந்தக் கடைசி ரகத்தில் ரிவர்ஸ் லைட் எரிந்திருக்காது. முன்னால் நின்றவர் "நான் ரிவர்ஸே போடவில்லை, அவர்தான் வந்து இடித்தார்" என்று மனசாட்சியோடு சொல்வார்.

மார்க்கெட் என்றதும் ஒரு காலைநேரம் நினைவுக்கு வருகிறது. காய்கறி மண்டியில் ஒரு குட்டியானை வேன், அதன் பின்னால் முன்பக்கம் உடைந்த ஸ்கூட்டர். நின்றுகொண்டிருந்த தன் வண்டியில் ஸ்கூட்டர்தான் வேகமாக வந்து மோதியது என்றார் டிரைவர். நிறுத்தியிருந்த ஸ்கூட்டரில் வேன் ரிவர்ஸில் வந்து இடித்தது என்றார் ஸ்கூட்டர்காரர். ஸ்கூட்டரின் மட்கார்டு உடைந்திருந்தது, ஆனால் முன் சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க் வளையவில்லை. வேகமாக மோதிய ஸ்கூட்டருக்கு முதலில் வளைவது ஃபோர்க்தான். அதுகூட முடிவான சாட்சி இல்லை, மெதுவாக வந்து மோதியிருக்கலாம். குனிந்து தரையைப் பார்த்தேன். ஈர மண்ணில், முட்டைக்கோஸ் இலைக்கு நடுவே, ஒரு அடி நீளத்துக்கு ஒரு கோடு. சைடு ஸ்டாண்டின் நுனி கிழித்த கோடு, வேனிலிருந்து விலகி ஸ்கூட்டரின் பின்பக்கமாக ஓடியது. ஸ்டாண்டு போட்ட ஸ்கூட்டர் தானாகப் பின்னால் நகராது. டிரைவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் அதைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "சரி, எழுதிக்குங்க சார்" என்றார். தரை சிமெண்டாக இருந்திருந்தால் என்னிடம் ஒன்றுமே இருந்திருக்காது.

மைத்துனரின் வண்டியில் சென்சார் இருந்ததே என்று எழுதியிருக்கிறீர்கள். 2019 ஜூலை 1-லிருந்து புதுக் கார்களுக்கு அது கட்டாயம்தான். ஆனால் அது பெரும்பாலும் ஒன்றரை மீட்டர் வாக்கில்தான் கத்தத் தொடங்கும். வெறும் 5 கிலோமீட்டர் வேகத்தில் பின்னால் வந்தாலும், சத்தம் கேட்டுக் கால் பிரேக்குக்குப் போகிற ஒன்றரை நொடியில் வண்டி 2 மீட்டர் வந்திருக்கும். ஒல்லியான கம்பி, தாழ்வான கல், குறுக்கே வேகமாக வரும் ஸ்கூட்டர் இவற்றையெல்லாம் அது சரியாகப் பிடிப்பதும் இல்லை. சென்சார் கத்தவில்லை என்பது எந்தத் தீர்ப்பாயத்திலும் உதவாது.

உங்களிடம் இப்போது நான் கேட்பது நான்கு விஷயம். இடித்த பிறகு வண்டிகளை நகர்த்துவதற்கு முன் யாராவது போட்டோ எடுத்திருக்கிறார்களா? எடுத்திருந்தால் சக்கரமும் லேன் கோடும் ஒரே படத்தில் தெரிகிறதா? ஹெட்லைட் கண்ணாடியும் மட்கார்டுக்குள்ளிருந்து உதிர்ந்த காய்ந்த மண்ணும் எந்த லேனில் கிடந்தன? அவை முன்னால் சிதறிப் போகும் என்பதால் நீளவாக்கில் இடத்தைச் சொல்லாது. ஆனால் எந்த லேன் என்பதை ஓரளவு சொல்லும். அங்கே பெட்ரோல் பங்க், டீக்கடை எதிலாவது கேமரா இருந்தால் இன்றே போய்க் கேளுங்கள், பல இடங்களில் சில நாட்களில் பழைய பதிவு தானாக அழிந்துவிடும். கடைசியாக, சர்வீஸ் ரோடு நெடுஞ்சாலையில் சேரும் வாயிலிருந்து கண்ணாடி கிடந்த இடம் வரை எத்தனை மீட்டர் என்று அளந்து அனுப்புங்கள். 30 மீட்டருக்குள் இருந்தால், "ஏறி முடித்து நேராகப் போய்க்கொண்டிருந்தேன்" என்ற உங்கள் வாக்குமூலத்தை நான் நம்ப மாட்டேன். 100 மீட்டரைத் தாண்டியிருந்தால் அவர் சொல்லும் கதையை நம்ப மாட்டேன்.